ஆள் விலையும் விமான விலையும்

ஒரு லாரி ஓட்டுநரின் உயிர் பன்னிரண்டு லட்சம். உயிருக்குப் போய் விலையா என்று வாயைப் பிளப்பவர்கள் ராணுவக் கிடங்குக்கு டெண்டர் போட்டுப் பார்த்தவர்கள் இல்லை. அந்த விண்ணப்பத்தில் டீசல், டயர், தேய்மானம் என்று வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தால், கடைசிக்கு முந்தின கட்டத்தில் ‘பணியின்போது ஓட்டுநர் இறந்தால் கோரும் இழப்பீடு’ என்று ஒன்று இருக்கும். மற்ற ஒப்பந்தக்காரர்கள் அதில் இருபது என்று எழுதினார்கள். லாரி அக்கா பன்னிரண்டு என்று எழுதினாள். ஒப்பந்தம் அவள் மடியில் வந்து விழுந்தது.

அதில் அவளுக்கு உறுத்தல் ஒன்றும் இருக்கவில்லை. அப்பா கயிறு வியாபாரம், அம்மா பழைய இரும்பு. எதிராளி வாயைத் திறப்பதற்குள் உதட்டைப் பிதுக்கி, ‘கட்டாது’ என்று தலையாட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவள் நடக்கவே கற்றுக்கொண்டாள் என்று வீட்டில் சொல்வார்கள். விலை என்றால் குறைக்க வேண்டியது. குறைத்தால் சரக்கு போகும். அவளுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். ஒன்பது லாரிகள், ஒன்பது ஓட்டுநர்கள். முதல் வண்டியை ஓட்டுபவன் அவள் கூடப் பிறந்த தம்பி.

வேலை இதுதான். கீழே ஊருக்கு வெளியே ராணுவக் கிடங்கு. மேலே, மலை உச்சியில், முகாம். நடுவில் கணவாய்ச் சாலை. வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை, மாவும் பருப்பும் பேட்டரியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி மேலே போக வேண்டும். எதிர்ப்பக்கத்து மலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சாலையின் மூன்றாவது வளைவு நன்றாகத் தெரியும். காலை எட்டு மணி வாக்கில் வண்டி அங்கே கியர் மாற்றி ஊர்ந்துதான் ஏற வேண்டும் என்பதும் தெரியும்.

அந்த வளைவுக்காகத்தான் ஆளில்லா விமானங்களை வாங்கினார்கள். மொத்தம் நான்கு. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கார் அகலம், எட்டு விசிறி. இறக்கை இல்லாத அந்த உருவத்தை ஏன் விமானம் என்கிறார்கள் என்று ஓட்டுநர்களுக்குப் புரியவில்லை. ‘விசிறி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விற்க வந்த கம்பெனிப் பிரதிநிதி, வெயிலானாலும் பனியானாலும் கோட்டைக் கழற்றாத மனிதர், கிடங்கு மைதானத்தில் மைக்கைப் பிடித்து, “இனிமேல் இந்த மலையில் ஒரு ஓட்டுநரின் உயிர்கூடப் போகாது” என்று முழங்கினார். கைதட்டல் பலமாக இருந்தது. லாரி அக்கா மட்டும் பிழைப்பு போயிற்றே என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பயப்பட்டது வீண். விசிறிகள் மறு வாரத்திலிருந்து சமவெளிப் பக்கம் பறந்தன. கிடங்கிலிருந்து விமானதளம் வரை, தார்ச்சாலைக்கு நேர் மேலே, குழந்தைகள் கையசைக்க, சோப்பும் டைப் அடிக்கும் காகிதமும் சுமந்துகொண்டு போய்விட்டுத் திரும்பின. கணவாய்க்கு எப்போதும்போல லாரி போனது. அக்காவுக்குப் பரம திருப்தி.

எதிர்ப்பக்கத்தில் புதிதாக இரண்டு பீரங்கிகளைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. அதே நாள் மாலை, அடுத்த வியாழக்கிழமை முறை யாருடையது என்று பலகையில் எழுதினார்கள். முதல் வண்டி. தம்பி.

அக்கா அன்றைக்கு இரவு சோற்றில் கை வைத்துவிட்டு எடுத்துவிட்டாள்.

“டேய், இந்த ஒரு வாரம் வயித்து வலின்னு சொல்லேன்” என்றாள்.

தம்பி தட்டிலிருந்து நிமிரவில்லை. “சொல்லலாம். எனக்குப் பதிலா யாரு போவா?”

“யாராவது போகட்டும்.”

“அந்த யாராவதுக்கு அக்கா இல்லியா? நாளைக்கு ஷெட்டுக்குள்ள நான் எந்த மூஞ்சியோட நுழையறது? முதலாளியம்மா தம்பிக்கு வியாழக்கிழமை மட்டும் வயிறு கலக்குதுன்னு டயர்ல எழுதி வச்சிருவானுங்க.” தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தான். “மலைக்குப் போனா ரெட்டைப் படி. அதையும் மறந்துராத.”

அவனோடு பேசிப் பயனில்லை. காலையில் அக்கா நேராகக் கிடங்கு மேஜரின் அறைக்குப் போனாள். மேஜர் கெட்டவர் இல்லை. பதவி உயர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது எந்த மனிதனும் எப்படி இருப்பானோ அப்படி இருந்தார்: எதையும் தொடாமல், எதையும் உடைக்காமல். டீக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் வைத்தார்.

“சார், அந்த விசிறியெல்லாம் எதுக்கு வாங்குனீங்க?”

“உயிரைக் காப்பாத்த.”

“யாரு உயிர? சோப்பு உயிரையா?”

மேஜர் சிரித்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “உட்காருங்கம்மா. வியாபாரி வீட்டுப் பொண்ணு, சொன்னா புரிஞ்சுக்குவீங்க. ஒரு விசிறி நாப்பது லட்சம். இருபத்தஞ்சு லட்சத்துக்கு மேல எந்த ஒரு பொருள் தொலைஞ்சாலும் விசாரணைக் குழு வரும். மூணு பேர். அவங்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, ஜீப்பு. அது முடியற வரைக்கும் பொறுப்பதிகாரிக்குப் பதவி உயர்வு கிடையாது. எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல ஒரு ஜெனரேட்டர் எரிஞ்சு போச்சு. அவரு இன்னும் பதில் சொல்லிட்டிருக்காரு.”

“ஓட்டுநர் போனா?”

மேஜர் கோப்பை மூடியைத் திறந்து பார்த்து மறுபடி மூடினார். “அது இருபத்தஞ்சுக்குள்ள வந்துடுது. ஹெட் கிளார்க்கே பார்த்துக்குவார். ஒரு அனுதாபக் கடிதம், ஒரு செக்.”

“அதனால மனுஷனை மலைக்கும் மெஷினை மைதானத்துக்கும் அனுப்புறீங்க.”

“விலைப்படி அனுப்பறேன்” என்றார் மேஜர், வருத்தத்தோடுதான். “நான் போட்ட விலை இல்லம்மா அது. நீங்க போட்டது.”

அக்கா வெளியே வந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக, தன் சரக்கு இவ்வளவு நன்றாக விற்பனையானது அவளுக்கு உறுத்தியது.

அலுவலகத்தில் டீச்சர் இருந்தாள். ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சாவிகள் தொங்கும் பலகை. டீச்சர் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். அவள் வீட்டுக்காரர் ஐந்தாவது வண்டியை ஓட்டினார். போன குளிர்காலத்தில் மூன்றாவது வளைவில் போய்விட்டார். செக் நான்காம் நாளே வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வாங்கித் தந்ததை அக்கா இரண்டு மூன்று பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள். ஐந்தாவது வண்டிக்கு வேறு ஆள் வந்தார். கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டபோது டீச்சரே வந்து கேட்டாள், அக்கா சேர்த்துக்கொண்டாள். அதிகம் பேச மாட்டாள். கூட்டல் தப்பாது.

“டீச்சர், நம்ம ஒப்பந்தத்துல ஓட்டுநர் இழப்பீட்டை நடுவுல ஏத்த முடியுமா?”

டீச்சர் ஒப்பந்தக் கோப்பை எடுத்து, பக்கம் புரட்டாமலே தேவையான இடத்தைத் திறந்தாள். “முடியும். எப்ப வேணாலும். கூடுற தொகைக்கு ஒப்பந்தக்காரர் தன் செலவுல காப்பீடு எடுத்துத் தரணும்.”

“அப்போ தம்பிக்கு மட்டும் இருபத்தாறுன்னு போடு.”

“தம்பிக்கு மட்டும்னு போட முடியாது.”

“ஏன்?”

“இதுல தம்பின்னு ஒரு வார்த்தையே இல்ல. ‘ஓட்டுநர்’னுதான் இருக்கு. போட்டா ஒன்பது பேருக்கும் ஒரே விலை.”

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். “ஒன்பது பேருக்கும் காப்பீடு நான் கட்டணுமா?”

“மாசம் தொண்ணூறாயிரம் கேப்பாங்க. போர் நடக்கிற இடம்.”

“நம்ம லாபம்?”

“ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இமைக்குள் ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். எட்டுப் பேர் அவளைப் பார்த்து இளித்தார்கள். ஒருவனைக் காப்பாற்ற எட்டுப் பேரைச் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே, இதென்ன அநியாயம் என்று பொருமினாள். பிறகு போனை எடுத்துக் காப்பீட்டுக் கம்பெனிக்காரனைப் பிடித்தாள். “ஒன்பது உருப்படி மொத்தமா எடுக்கிறேன், சில்லறை விலை சொல்லாத” என்றாள். அவன் உயிருக்கு மொத்த விலை கிடையாது என்றான். “நீ சின்னப் பையன், உனக்குச் சொல்லித் தரலை” என்றாள். அரை மணி நேரத்தில் தொண்ணூறு எழுபத்தெட்டாக இறங்கியது. போனை வைத்தபோது நெற்றி வியர்த்திருந்தாலும் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

டீச்சர் புதிய விலையை டைப் அடித்தாள். ‘ஓட்டுநர் ஒருவருக்கு இருபத்தாறு லட்சம்.’ அடித்துவிட்டுத் தாளை உருவாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன டீச்சர், தப்பா அடிச்சிட்டியா?”

“இல்ல. சரியாத்தான் இருக்கு.”

தாளை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்தவளுக்குக் கால் நின்றது. ஓட்டுநர் இருபத்தாறு, விசிறி நாற்பது. எது தொலைந்தாலும் விசாரணைதான் என்று ஆகிவிட்டால் மேஜர் எதை அனுப்புவார்? இரண்டில் மலிவானதை. எந்தக் கடைக்காரனும் அப்படித்தான் செய்வான். தம்பியின் விலையை இன்னும் ஏற்றலாம். நாற்பதைத் தாண்டுவதற்குள் ஒன்பது லாரியையும் விற்க வேண்டி வரும். ஏற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு விசிறியை இறக்க வேண்டும்.

கோட்டுக்காரர் கிடங்கு வாசலில் உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி டம்ளரில் டீ ஆறி ஆடை படர்ந்திருந்தது. அக்கா எதிரில் உட்கார்ந்தாள்.

“என்ன சார், முகத்துல களையே இல்ல? உங்க விசிறிதான் தினம் பறக்குதே.”

“சோப்பு தூக்குதுங்க” என்றார், ஏதோ பிள்ளை திருடிக்கொண்டு வந்ததைச் சொல்வதுபோல. “மலையில நூறு தடவை பறந்ததா எழுதிக் கொடுத்தாத்தான் பெரிய ஆர்டர் வரும். ஒரு தடவைகூடப் பறக்கல. மெஷின் ரொம்ப விலை ஜாஸ்தி, இழக்க முடியாதுங்கறாங்க. இழக்கறதுக்குன்னே செஞ்ச மெஷின் அது!”

“விலையைக் குறைங்க.”

“நாப்பதுக்குக் கீழே ஒரு பைசா குறைக்க எனக்கு அதிகாரமில்லீங்க.”

“குறைக்காதீங்க. பிரிங்க.”

கோட்டுக்காரர் புரியாமல் பார்த்தார். அக்காவுக்குப் பாவமாகக்கூட இருந்தது. இவ்வளவு படித்து, இவ்வளவு நல்ல துணியில் கோட்டுத் தைத்து, பில் போடத் தெரியவில்லையே.

“கட்டில் வாங்கினா மெத்தைக்குத் தனி பில் போடறதில்லியா? உடம்பு ஒரு பில், மோட்டாரும் விசிறியும் ஒரு பில்.”

“உடம்பு பதினெட்டு வரும். மோட்டார் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு” என்றார் அவர் மெதுவாக. பிறகு, “ஆனா விழுந்தா ரெண்டும் சேர்ந்துதானேம்மா விழும்?”

“விழட்டும். பதினெட்டு லட்சத்துல ஒரு பொருள் போச்சு, பாவம். அதே நேரத்துல, அதே இடத்துல, இருபத்திரண்டு லட்சத்துல இன்னொரு பொருளும் போச்சு, அதுவும் பாவம். இருபத்தஞ்சைத் தொட்டது எது?”

கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றினார். அந்த ஊரில் அவர் சட்டைக் கை தெரிந்தது அன்றைக்குத்தான். “இதுக்கு உங்களுக்கு என்ன வேணும்?” என்றார், வியாபாரியாகி.

அக்காவின் வாயில் ‘தம்பி’ என்ற சொல் வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டாள். அது தெரிந்தால் ஆள் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். “உங்க பேட்டரியெல்லாம் ஏத்தி இறக்க வண்டி வேணுமே. மாசம் இருபதாயிரம்.”

“பத்து.”

“கட்டாது.”

பதினைந்தில் முடிந்தது. டீக்குக் காசு அவர் கொடுத்தார்.

புதன்கிழமை காலை மேஜர் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஓட்டுநரின் புது விலை ஒன்று, விசிறியின் திருத்திய பில் ஒன்று. மேஜர் முதலில் இதைப் படித்தார், பிறகு அதைப் படித்தார், மறுபடி இதைப் படித்தார். எதிரில் அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, சந்தைக்கு வந்தவள்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் புரியாதுன்னு நினைச்சீங்களா?”

“புரியணும்னுதானே சார் ரெண்டையும் ஒன்னா வச்சேன்.”

மேஜர் பேனாவை எடுத்தார். “ஓட்டுநர் போனா எனக்கு விசாரணை. விசிறி போனா ஹெட் கிளார்க். அப்படித்தானே?”

“விதி சொல்லுது சார். நான் யாரு சொல்றதுக்கு?”

அவர் கையெழுத்துப் போடும்போது இரண்டாவது தடவை சிரித்தார். நாட்டுக்காகப் பல முறை உயிரைப் பணயம் வைத்தவர்தான். மெடல் கூட இருந்தது. ஆனால் அன்றுபோல லேசாக அவர் மூச்சு விட்டதை யாரும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை விடிந்தபோது தம்பி வண்டியைக் கழுவித் துடைத்து, சரக்கேற்றித் தார்ப்பாயும் கட்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். கிடங்கு ஆட்கள் வந்து தார்ப்பாயை அவிழ்த்துச் சரக்கைச் சின்னச் சின்ன மூட்டைகளாகப் பிரித்து விசிறிகளில் கட்டினார்கள். அவன் கேட்டதற்கு, “உன் விலை ஏறிடுச்சுப்பா, உன்னைத் தொட முடியாது” என்றார்கள். நான்கு விசிறிகளும் வெறி பிடித்த வண்டுகள்போல இரைந்துகொண்டு மலையைப் பார்த்துக் கிளம்பின. லாரி ஒரே நடையில் கொண்டுபோவதை அவை மூன்று நாள் கொண்டுபோயின. முதல் நாள் மாலை மேல்முகாமிலிருந்து செய்தி வந்தது: மூட்டைகள் வந்தன, உப்பு வரவில்லை. இரண்டாம் நாள் உப்பு போயிற்று.

தம்பி முதல் நாள் மாலையே அலுவலகக் கதவை உதைத்துத் திறந்தான். “ஊரே சிரிக்குது! என்னை சோப்பு தூக்க வச்சுட்டியே? ரெட்டைப் படி போச்சு. மலைக்குப் போறவன்னு ஒரு மரியாதை இருந்துச்சு, அதுவும் போச்சு. யாரைக் கேட்டு என் விலையை ஏத்துன?”

“சரக்கைக் கேட்டுக்கிட்டா விலை ஏத்துவாங்க? ஒப்பந்தம் அப்படி” என்றாள் அக்கா.

அவன் இன்னும் பத்து வார்த்தை திட்டத் தயாராக இருந்தான். அதற்குள் ஹெட் கிளார்க் மூச்சிரைக்க வந்தார். ஒரு விசிறி விழுந்துவிட்டதாம். மூன்றாவது வளைவுக்கு மேலே, காலை எட்டு மணிக்கு, இரண்டு பீரங்கிகளும் ஒன்றாகச் சுட்டிருக்கின்றன. இருபத்தைந்துக்கு உட்பட்ட இழப்புக்கு அவரிடம் இருந்தது ஒரே படிவம். ஆகவே கம்பெனிக்கு இரண்டு கடிதம் தயார் செய்திருந்தார். சரியாக இருக்கிறதா என்று கோட்டுக்காரரைத் தேடிக்கொண்டு வந்தவர், இங்கேயே படித்துக் காட்டினார். ‘தங்கள் அன்புக்குரிய உடற்பகுதி கடமையின்போது உயிர்நீத்த செய்தி எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்துகிறது.’ அடுத்ததில் உடற்பகுதி என்ற இடத்தில் ‘மோட்டார் மற்றும் விசிறிகள்’ என்றிருந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி சிரிக்கவில்லை.

“எட்டு மணிக்கா?” என்றான்.

“எட்டு, எட்டஞ்சு இருக்கும்.”

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இடது கை, தன்னையறியாமல், இல்லாத கியரை ஒரு முறை பிடித்துவிட்டது. பிறகு, “சமவெளி ரோட்டுக்குப் படி ஏதாவது உண்டா?” என்று கேட்டான். இல்லை என்றாள் அக்கா. “சரி” என்று எழுந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் நல்லதாகவே நடந்தது. விழுந்த விசிறிக்குக் கோட்டுக்காரர் பணமும் வாங்கி, புதிய விசிறிக்கு ஆர்டரும் வாங்கினார். மேஜரின் கோப்பில் ஒரு கறையும் விழவில்லை. எட்டு ஓட்டுநர்களின் வீட்டிலிருந்தும் ஆள் வந்து அக்காவைக் கும்பிட்டார்கள். உன்னைப்போல முதலாளி உண்டா, எங்களுக்காக உன் லாபத்தை விட்டாயே என்றார்கள். கும்பிடு ஒன்றுக்கு எவ்வளவு ஆயிற்று என்று மனதுக்குள் வகுத்துப் பார்த்து, அவள் ஒவ்வொரு தடவையும் கண் கலங்கினாள். வந்தவர்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் டீச்சர் கணக்கு வாசித்தாள்.

“லாபம் ஒரு லட்சத்துப் பத்து. காப்பீடு எழுபத்தெட்டு போச்சு. பேட்டரி வாடகை பதினஞ்சு வந்துச்சு. மிச்சம் நாப்பத்தேழு.”

“பரவால்லியே. நான் இன்னும் மோசமா நினைச்சேன்.”

“இன்னும் முடியல. பாக்கி ஒன்னு இருக்கு.”

“யாருக்கு? டீசல்காரனுக்கா?”

“எனக்கு. பதினாலு லட்சம்.”

அக்கா சாவிப் பலகையைப் பார்த்தாள். அவளுடைய உதடு பழக்கத்தில் பிதுங்கப் போயிற்று; பாதியில் நின்றுவிட்டது.

“ஓட்டுநர் ஒருத்தருக்கு இருபத்தாறுன்னு என் கையாலதான் அடிச்சேன்” என்றாள் டீச்சர். குரல் உயரவில்லை. “எங்க வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு வந்துச்சு.”

“அப்போ விலை அதானே டீச்சர்.”

“ஆமா. அப்போ வண்டியில உங்க தம்பி இல்ல.”

வெளியே தம்பி, சோப்புப் பெட்டிகளை ஏற்றச் சொல்லி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தான். அக்கா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மொத்தமா முடியாது” என்றாள்.

“கேக்கல.”

“மாசம் பத்தாயிரம்.”

“இருபது.”

“பதினஞ்சு. காப்பீடு வேற கட்டறேன், பார்க்கிறேல்ல?”

“இருபது” என்றாள் டீச்சர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், பின்வரிசைப் பிள்ளை விடை சொல்லக் காத்திருப்பவள்போலக் காத்திருந்தாள்.

எதிராளி ஓர் அடிகூட நகராத பேரத்தை அக்கா அதுவரை கண்டதில்லை.

“எழுது” என்றாள். “வட்டி?”

“வேணாம்.”

டீச்சர் எழுதி, அடிக்கோடு போட்டு, வாசித்தாள். மிச்சம் நாற்பத்தேழாயிரம். டீச்சருக்குக் கொடுத்தது இருபதாயிரம். கையிருப்பு இருபத்தேழாயிரம். பாக்கி பதிமூன்று லட்சத்து எண்பதாயிரம்.